80,000 ரூபாய் பில்லியர்ட்ஸ் டேபிள், வீட்டுக்கு வந்து நிக்கும்போது எவ்வளவு ஆகும்?



மார்கழி மாசம் நம்ம நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வயசு 29. திருச்சி நவல்பட்டு ஐ.டி. பார்க்ல வேலை. பிடித்தம் போக கைக்கு வர்றது 62,000 ரூபாய். ஸ்ரீரங்கத்துல அப்பா பேர்ல பழைய வீடு, குடும்பத்தோட அதுலதான் இருக்கார். அவருக்குத் தெரிஞ்ச ஒரு பழைய கிளப்பை மூடுறாங்க. அங்க இருக்குற 12 அடி பில்லியர்ட்ஸ் டேபிளை 80,000 ரூபாய்க்குத் தர்றதா சொல்லியிருக்காங்க. காலேஜ் நாள்ல இருந்து பூல், ஸ்னூக்கர்னா அவருக்கு உயிர்.

"பழசை வாங்கி ரெஸ்டோர் பண்ணி வீட்ல போட்டா, ஆன்டிக் வேல்யூ வருஷா வருஷம் ஏறும்ல சார்? இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் மாதிரிதானே? 3 லட்சம் பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா ஆப்ல காட்டுது. எடுத்துடலாமா?"

ஃபோன்ல பேசினப்போ இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். சேமிப்புக் கணக்குல 1,10,000 ரூபாய் இருக்கு, அதைத் தவிர கையில வேற எதுவும் இல்லை. தங்கச்சிக்கு ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணணும்.

இந்த ரெண்டு வரியைக் கேட்டதுமே பதில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா பழைய பொருளைப் புதுப்பிக்கிற ஆசை நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு இருக்கு. தாத்தா ஊஞ்சல், பழைய புல்லட், வால்வு ரேடியோன்னு ஆளுக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே இடத்துலதான் கணக்கு வழுக்குது. அதனால இந்த டேபிளை வச்சே முழுசாப் போட்டுப் பார்த்துடலாம்.

நம்ம பக்கத்துல இந்த டேபிள் எப்படி?

ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்ததே இந்தியாவுலதான். 1875-ல ஜபல்பூர் ராணுவ மெஸ்ல நெவில் சேம்பர்லேன்ங்கிற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் டேபிள்ல கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததுல இருந்து அது ஆரம்பிக்குது. (பின்னாடி இங்கிலாந்து பிரதமரா இருந்த சேம்பர்லேன் வேற ஆள். குழப்பிக்காதீங்க.) அந்த ஆட்டத்தோட விதிகளை ஒழுங்கா எழுதி 1882-ல சுவர்ல ஒட்டின இடம், நம்ம ஊட்டி கிளப். 1958-ல கல்கத்தாவுல உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வில்சன் ஜோன்ஸ் ஜெயிச்சார். எந்த விளையாட்டுலயும் இந்தியர் ஒருத்தர் தனி ஆளா உலக சாம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை.

திருச்சி அந்தக் காலத்துல தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடம். 1928-ல நாகப்பட்டினத்துல இருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்துச்சு. கன்டோன்மென்ட் இருந்த ஊர், ரயில்வே காலனி இருந்த ஊர்னா அதிகாரிகளோட கிளப்பும் இருக்கும், கிளப்னா பில்லியர்ட்ஸ் ரூமும் இருக்கும். அதனால நம்ம மாதிரி ஊர்கள்ல இப்படி ஒரு டேபிள் விலைக்கு வர்றதுல ஆச்சரியம் இல்லை.

ஒரு சின்ன வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க. பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் ஆடுறது 12 அடி டேபிள்ல. பூல் டேபிள் 7, 8, 9 அடிகள்ல வரும், பாக்கெட் வாய் கொஞ்சம் அகலம். இந்த அடிக்கணக்குதான் கடைசில பணக்கணக்கையே மாத்தப்போகுது.

வெயிட்டு யாரும் சொல்ல மாட்டாங்க

நல்ல டேபிளோட உயிர், பச்சைத் துணிக்கு அடியில இருக்குற ஸ்லேட் கல். ஆரம்பத்துல மரப்பலகைதான் போட்டாங்க. மரம் வளையும், பந்து கோணலா ஓடும். 1826-ல லண்டன்ல ஜான் தர்ஸ்டன் ஸ்லேட் கல்லை உபயோகிக்க ஆரம்பிச்சார். 1840-கள்ல வல்கனைஸ் செஞ்ச ரப்பர் குஷன் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அமைப்பு அதேதான்.

12 அடி டேபிள்ல கல் ஒரே பலகையா இருக்காது, அஞ்சு துண்டா இருக்கும். ஏறக்குறைய 45 மி.மீ. தடிமன். கன மீட்டருக்கு 2,800 கிலோன்னு வச்சுப் பெருக்கினா, கல் மட்டுமே 800 கிலோவுக்கு மேல வருது. ஒவ்வொரு துண்டும் 150 கிலோவைத் தாண்டும். அதோட எட்டு கால், தேக்கோ மஹோகனியோ அடிச்சட்டம், குஷன் எல்லாம் சேர்த்தா ஒரு டன்னுக்கு நல்லா மேல போயிடும்.

நம்ம நேயர், "ஒரு சின்ன யானை பிடிச்சா ஏத்திடலாம் சார்"னு சொன்னார். டாடா ஏஸ் தாங்குறது சுமாரா முக்கால் டன். கல்லை மட்டும் ஏத்தினாலே அளவு மீறிடும். ரெண்டு நடை, இல்லன்னா பெரிய வண்டி. கல்லைப் படுக்க வச்சுத் தூக்கக் கூடாது, நிமிர்த்தி ஓரத்துல நிறுத்திப் பிடிக்கணும், இல்லன்னா நடுவுல விரிசல் விடும். கண்ணாடி, கிரானைட் தூக்கிப் பழகின ஆளுங்க வேணும். வீட்டுச் சாமான் ஷிஃப்டிங் ஆளுங்களைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்து இறக்குங்கண்ணே"ன்னு சொல்லி ஆகுற வேலை இல்லை இது.

மாடியில போடுற யோசனை இருந்தா, முதல்ல ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கேளுங்க. நம்ம ஊர் கட்டட விதியில குடியிருப்புத் தளத்துக்கு எடுக்குற சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. டேபிளோட மொத்த எடையை அதோட பரப்பால வகுத்தா அதுக்குள்ள வர்ற மாதிரி தெரியும். ஆனா எடை இறங்குறது எட்டு கால்ல. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடா இருந்தா கேள்வியே வேண்டாம், தரைத்தளம்தான். அங்கயும் கால் நிக்கிற எட்டு இடத்துலயும் தரை இறங்காம இருக்கணும். டைல்ஸுக்கு அடியில வெறும் மணல் இருந்தா, லெவல் ஆறு மாசத்துல போயிடும்.

கூடத்தை அளந்தீங்களா?

இதைத்தான் நான் அவர்கிட்ட முதல்ல கேட்டேன். அவர் டேபிளை அளந்திருந்தார், கூடத்தை அளக்கலை.

12 அடி டேபிள்ல ஆடுற பரப்பு 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். கியூ ஸ்டிக் 58 அங்குலம், அதைப் பின்னால இழுத்து அடிக்கணும்னா நாலு பக்கமும் ஏறக்குறைய 5 அடி காலியா இருக்கணும். அப்போ அறை 22 அடிக்கு 16 அடி, மொத்தம் 352 சதுர அடி.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளை உள்ள போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும். நீளத்துக்குக் குறைச்சல் இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாம் கட்டுன்னு ரயில் பெட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். அகலத்துலதான் இடிக்கும், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிக்கும். இவர் வீட்டுக் கூடம் 19 அடிக்கு 14 அடி. நடுவுல தூண் இல்லாதது ஒரு அதிர்ஷ்டம்.

அவங்க அப்பா பக்கத்துல இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரி தம்பி, ஏகாதசிக்கு வர்ற சொந்தக்காரங்க எங்க படுப்பாங்க? டேபிளுக்கு அடியிலயா?"

சிரிப்பா இருந்தாலும் இதுதான் அக்கவுண்டன்சில சொல்ற வாய்ப்புச் செலவு. அந்த இடத்தை வேற எதுக்கு உபயோகிச்சிருக்கலாம்ங்கிறதோட மதிப்பு. சதுர அடிக்கு மாசம் 12 ரூபாய் வாடகைன்னு வச்சுக்கோங்க. 352 சதுர அடிக்கு மாசம் 4,224, வருஷத்துக்கு 50,688 ரூபாய். சொந்த வீடுதானே, பாக்கெட்ல இருந்து போகலையேன்னு தோணும். வாடகை வீட்ல இருக்குறவங்க இந்தத் தொகையை நிஜமாவே கட்டுறாங்க. டேபிளுக்காக ஒரு ரூம் அதிகமா உள்ள வீடு எடுத்தா, டேபிளை விட அந்த ரூம் காஸ்ட்லி.

எதைச் சரி பண்ணணும், யார் பண்ணணும்

விலை பேசுறதுக்கு முன்னாடி டேபிள்கிட்ட ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்க. டார்ச் எடுத்துக்கிட்டு அடியில படுத்துக் கல்லைப் பாருங்க. விரிசல், ஒட்டுப் போட்ட தடம் இருந்தா அங்கயே வணக்கம் சொல்லிடலாம். அப்புறம் ஒரு பந்தை நீளவாக்குல நல்ல வேகமா அடிங்க. நல்ல ரப்பர்னா டேபிள் நீளத்தை நாலு தடவையாவது கடக்கும். ரெண்டாவது மோதல்லயே 'தட்'னு செத்துப்போனா ரப்பர் இறுகிடுச்சு, ஆறு குஷனுக்கும் மாத்தணும். கால்களை விரல் நகத்தால அழுத்திப் பாருங்க. பொடி உதிர்ந்தா கரையான் இல்லன்னா வண்டு.

வீட்லயே நம்ம கையால செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. பழைய துணியைப் பிரிச்சு ஸ்டேபிள் பின்னை ஒண்ணொண்ணாப் பிடுங்குறது, மரத்துல உப்புத்தாள் போடுறது, பாலிஷ், பாக்கெட் வலை மாத்துறது எல்லாம் சனி-ஞாயிறு வேலை. ஒரு எச்சரிக்கை: நூறு வருஷ மரத்தை பவர் சாண்டர் போட்டுச் சீவாதீங்க, அந்தப் பழைய நிறம் மறுபடி வராது. கையால, மெதுவா.

கல்லை இணைச்சு லெவல் பார்க்குறதும் துணி இழுத்து மாட்டுறதும் ஆள் வச்சுத்தான் பண்ணணும். அஞ்சு துண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, சந்துல தேன்மெழுகோ புட்டியோ அடைச்சுத் தேய்க்கணும். கொத்தனார் வச்சிருக்குற ரசமட்டம் இதுக்குப் பத்தாது, இன்னும் நுணுக்கமானது வேணும். ஸ்னூக்கர் துணிக்கு ஒரு பக்கமா படிஞ்ச முடி இருக்கும். அது ஆரம்பிக்கிற முனையில இருந்து கறுப்புப் பந்து வைக்கிற முனைப் பக்கமாப் படியணும். திருப்பி மாட்டினா முழுத் துணியும் வேஸ்ட்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற தீவு ஸ்ரீரங்கம். ஈரம் கல்லை ஒண்ணும் பண்ணாது, ஆனா கம்பளித் துணி ஈரத்தை இழுத்துக்கிட்டு பந்தோட வேகத்தைக் குறைச்சிடும். மரம் உப்பும். ஈரம் ஏறுற சுவரை ஒட்டிப் போடாதீங்க. ஆடி முடிச்சதும் பிரஷ் போட்டு மூடி வைங்க.

இப்போ எண்களுக்கு வருவோம்

கீழ இருக்குறது விலைப்பட்டியல் இல்லைங்க. கணக்கு எப்படிப் போடணும்னு காட்ட நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்களுக்குக் கிடைக்கிற கொட்டேஷனை அந்தந்த இடத்துல போட்டுக்கோங்க.

டேபிள் விலை – 80,000
பிரிச்சு, ஏத்தி, இறக்கி, மறுபடி பூட்டி லெவல் பண்ண – 45,000
துணியும் மாட்டுக்கூலியும் – 40,000
குஷன் ரப்பர் – 25,000
மர வேலை, பாலிஷ் – 30,000
பந்து செட், கியூ, ரெஸ்ட் வகையறா – 25,000
மேல தொங்குற லைட் – 15,000
தரை பலப்படுத்த – 20,000

கூட்டினா 2,80,000. பழைய பொருள்ல பிரிச்ச பிறகுதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். அதனால டேபிள் விலையை விட்டுட்டு, மீதி 2,00,000-க்கு 15% தனியா ஒதுக்குங்க, அது 30,000. மொத்தம் 3,10,000 ரூபாய். அதாவது 80,000-ங்கிறது முழுச் செலவுல ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான். விற்கிறவர் சொல்ற விலையை வச்சு முடிவெடுத்தா, மீதி முக்கால் பங்கு பின்னாடியே வந்து நிக்கும். அதுக்குள்ள அட்வான்ஸ் கொடுத்திருப்போம், பாதி பிரிச்சிருப்போம், நிறுத்தவும் முடியாது.

பத்து வருஷம் வச்சிருக்கப்போறீங்கன்னு எடுத்துப்போம். நடுவுல ஒரு தடவை துணி மாத்த 45,000, சின்னச் சின்னப் பராமரிப்பு வருஷத்துக்கு 3,000 வீதம் 30,000. ஆக 3,85,000. கடைசில 60,000-க்கு வித்தா நிகரச் செலவு 3,25,000. வருஷத்துக்கு 32,500.

இதை மணிக்கணக்கா மாத்துங்க, அப்பதான் புரியும். வாரம் 4 மணி நேரம், வருஷத்துக்கு 208 மணி நேரம் ஆடினா, ஒரு மணி நேரத்துக்கு 156 ரூபாய். நீங்க போற பார்லர்ல மணிக்கு 200 ரூபாய்னா இது லாபம்தான், அதுவும் பத்து வருஷம் விடாம வாரம் மூணு மணி நேரத்துக்கு மேல ஆடினா மட்டும். இவர் வேலை பார்க்கிற கம்பெனி நாளைக்கு சென்னைக்கோ பெங்களூருக்கோ மாத்திடுச்சுன்னு வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து 3 மணி நேரம் ஆடினா வருஷத்துக்கு 78 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரம் 417 ரூபாய். 29 வயசுல பத்து வருஷம் ஒரே ஊர்ல இருப்போம்னு ஐ.டி.ல யாரால சொல்ல முடியும்? பிரிச்சு மாத்துற செலவு 45,000 மறுபடி வரும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

இந்த மணிக்கணக்குல அறையோட 50,688-ஐச் சேர்க்கவே இல்லை. சேர்த்தா டேபிளோட செலவை விட அறைச் செலவுதான் பெருசா நிக்கும்.

ப்ரீ-அப்ரூவ்டுன்னா யார் அப்ரூவ் பண்ணது?

3 லட்சம், 14% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. 10,253 ரூபாய். மொத்தம் கட்டுறது சுமார் 3,69,100. வட்டி மட்டும் 69,000 சொச்சம், கிட்டத்தட்ட டேபிள் விலை. பிராசசிங் ஃபீஸ், அதுக்கு ஜி.எஸ்.டி. தனி.

இவரோட சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு இந்த இ.எம்.ஐ.க்குப் போகும். ரெண்டு வருஷத்துல கல்யாணச் செலவு வரும்போது இந்த லோன்ல இன்னும் 12 மாசத் தவணை பாக்கி நிக்கும். அப்போ நிஜமாவே ஒரு லோன் தேவைப்பட்டா, பேங்க் இதைக் கழிச்சுட்டுத்தான் தகுதி பார்க்கும். டேபிள் வாங்கினதுக்கான விலையை தங்கச்சி கல்யாணத்துல கட்ட வேண்டியிருக்கும். இதுதான் அவர்கிட்ட நான் அழுத்திச் சொன்னது.

அதே 10,250-ஐ மாசா மாசம் 6.5% வட்டி தர்ற ஆர்.டி.ல போட்டா, 28 மாசத்துல 3 லட்சத்தைத் தாண்டிடும். 36 தவணைக்குப் பதிலா 28. எட்டு மாசத் தவணை, 82,000 ரூபாய் மிச்சம். ஆனா இவரோட நிலைமையில அந்த ஆர்.டி.க்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. கையில இருக்குற 1,10,000 அவருடைய மூணு மாசச் செலவுக்குத்தான் காணும். அதைத் தொடக் கூடாது, இன்னும் வளர்க்கணும்.

இன்னொருத்தர் கேட்டிருந்தார்: "வீட்டு ரிப்பேருக்கு வாங்குற லோன் வட்டிக்கு 30,000 வரைக்கும் கழிவு உண்டே, இதுக்கு வருமா?" பழைய வரித் திட்டத்துல அந்தக் கழிவு உண்டு, ஆனா அது கட்டடத்தைப் பழுது பார்க்க வாங்கின கடனுக்கு. கூடத்துல நிக்கிற டேபிள் கட்டடம் ஆகாது. நல்ல முயற்சி!

ஆன்டிக்னு சொன்னா விலை ஏறுமா?

பழைய பொருள் எல்லாம் ஆன்டிக் ஆகாது, ஆன்டிக் எல்லாம் விலை ஏறாது. 12 அடி டேபிளை வாங்க ஆசையும் 352 சதுர அடியும் சேர்ந்து இருக்குற ஆள் நம்ம ஊர்ல எத்தனை பேர்? கிளப் ஏன் 80,000-க்குத் தருதுன்னு யோசிங்க. இடம்தான் அவங்களுக்கும் தேவை.

வெளிநாட்டுல நல்ல விலை போகும்னு யாராவது சொன்னா கவனம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள்கள் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். தனியார் யாரும் அதை ஏற்றுமதி பண்ண முடியாது. அது தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சான்று வாங்கினாத்தான் அனுப்பலாம்.

இதைவிட முக்கியமானது பந்து. பழைய டேபிளோட ஒரு பெட்டியில, மஞ்சள் பூத்த பழைய பந்து செட் "ஃப்ரீயா" வரலாம். அந்தக் காலத்துல பில்லியர்ட்ஸ் பந்து யானைத் தந்தத்துல செஞ்சாங்க. அதுக்கு மாற்றா அமெரிக்காவுல ஜான் ஹயட் 1869 வாக்குல செல்லுலாய்ட் பந்து கொண்டுவந்த பிறகும் தந்தப் பந்து ரொம்ப நாள் ஓடிச்சு. இப்போ ஆடுறது ஃபீனாலிக் ரெசின் பந்து. பெல்ஜியம் அராமித் செட்டைப் பார்த்திருப்பீங்க. தந்தமா இருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே அந்தப் பெட்டியை வாங்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 படி தந்தம் வாங்குறதும் விக்கிறதும் குற்றம். "எனக்குத் தெரியாது சார்"ங்கிறது எடுபடாது. விக்கிறவங்களையே வனத்துறைகிட்ட பேசச் சொல்லுங்க.

வரி விஷயத்துல ஒரு நல்ல செய்தி. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்குற அசையும் பொருள், மூலதனச் சொத்துங்கிற வரையறைக்குள்ளயே வராது. 1961 வருமான வரிச் சட்டத்துல இது பிரிவு 2(14). 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வர்ற புதிய சட்டத்துல பிரிவு எண் மாறுது, அவ்வளவுதான். அதனால டேபிளை லாபத்துல வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்துல வித்தா அந்த நஷ்டத்தைக் காட்டி வேற லாபத்துல கழிக்கவும் முடியாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இந்தச் சலுகைக்கு வெளியே. சிங்க முகம் செதுக்கின கால் இருக்கே, கலைப்பொருளா சார்னு கேட்காதீங்க!

புது டேபிளுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1-ல இருந்து 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. வாங்குற அன்னிக்கு என்ன விகிதம்னு பில்லைப் பாருங்க. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத தனி ஆள்கிட்ட பழசா வாங்கினா வரி இல்லை. பதிவு உள்ள பழைய பொருள் வியாபாரி லாபத்தின் மேல மட்டும் வரி கட்டுற வழி இருக்கு. எப்படி இருந்தாலும் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல பணம் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்க. கிளப் சொத்துன்னா, விக்கிறதுக்கு கமிட்டி தீர்மானம் போட்டிருக்காங்களான்னு கேட்டு ஒரு நகல் வாங்கிக்கோங்க. யாரோ ஒரு மெம்பர் தன்னிச்சையா வித்துட்டு, பின்னாடி மத்த மெம்பர்கள் வந்து கேட்டா டேபிளும் போகும், பாலிஷ் போட்ட செலவும் போகும்.

கடைசில என்ன பண்ணார்?

12 அடி டேபிள் கூடத்துக்குள்ள வராதுங்கிறதை டேப் வச்சு அளந்ததுமே அவரே ஒத்துக்கிட்டார். லோன் பேச்சும் அதோட முடிஞ்சது. ஆனா ஆசை முடியலை, முடியணும்னு நானும் சொல்லலை. மாசம் நாலு தடவை சினிமா, வருஷத்துக்கு ஒரு ஃபோன்னு செலவு பண்றதை விட, பத்து வருஷம் ஆடுற ஒரு பொருள் எனக்கு நல்ல செலவாத்தான் தெரியுது. செலவுன்னு பேர் வச்சுட்டு, கையில காசு சேர்த்துப் பண்ணணும்.

8 அடி பூல் டேபிளோட ஆடுற பரப்பு 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். ரெண்டு பக்கமும் கியூ நீளத்தைச் சேர்த்தா 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம். அவர் கூடம் 19-க்கு 14. ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கம், அதுக்கு 48 அங்குல கியூ ஒண்ணு வச்சுக்கலாம். கல் மூணு துண்டு, ஒரு அங்குல தடிமன்னா சுமார் 200 கிலோ. மொத்தமே 350, 400 கிலோதான். இது சின்ன யானையில வரும்! மேல ஒரு பலகை போட்டா சாப்பாட்டு மேஜையாவும் ஆகும். அப்பாவுக்கு அந்த யோசனை பிடிச்சிருந்தது.

பழைய 8 அடி டேபிள் 60,000, கொண்டுவந்து பூட்ட 15,000, துணி 15,000, ரப்பர் 10,000, பாலிஷ் சாமான் 5,000 (கூலி இவரோட ஞாயிற்றுக்கிழமைகள்), பந்தும் கியூவும் 15,000, லைட் 5,000, எதிர்பாராததுக்கு 10,000. மொத்தம் 1,35,000. மாசம் 10,250 போட்டா 13 மாசம். அவசர நிதிக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் தனித்தனியா எஸ்.ஐ.பி.யும் ஆர்.டி.யும் ஓட ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் மிஞ்சுறதுல இது ஓடணும்ங்கிறதுதான் என் ஒரே நிபந்தனை. அவர் பட்ஜெட்ல இதுக்கு 10,250 மிஞ்சலை, 7,000-தான் மிஞ்சுது. அப்போ 19 மாசம் ஆகும். பரவாயில்லைன்னுட்டார்.

இந்தத் தையில ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கார். 19 மாசம்னா அடுத்த வருஷம் ஆடியில முடியும். ஐப்பசி மழை வர்றதுக்குள்ள மர வேலையையும் பாலிஷையும் முடிச்சுட்டு, துணி மாட்டுறதை மட்டும் ஏகாதசிக்கு வந்த சொந்தக்காரங்க கிளம்பின பிறகு, ஈரம் குறைஞ்ச தை, மாசியில வச்சுக்கச் சொல்லியிருக்கேன். மேல உள்ள எல்லா எண்களும் எக்செல் ஷீட்டா வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்துல உங்க கொட்டேஷனைப் போடுங்க. வாரம் எத்தனை மணி நேரம் ஆடுவீங்கங்கிற கட்டத்துல மட்டும் மனசுல தோணுற எண்ணைப் போடாம, போன ரெண்டு மாசம் நிஜமா எத்தனை மணி நேரம் பார்லர் போனீங்களோ அதைப் போடுங்க.